தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு முதல் விதி:
"அவ சொல்லுறா" என்று தொடங்கக் கூடாது.
அவள் "நான்" என்றால் நானும் "நான்".

ஓல்டன், நவம்பர். ஆரே ஆற்றிலிருந்து ஏறிய மூட்டம்
மூன்றாம் மாடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது.
மேசையில் கண் துடைக்கும் தாள், மூன்று கிளாஸ் தண்ணீர்.
நான்காவது வைக்க மறந்திருந்தார்கள்.
அதுவும் சரிதான், நான் அங்கே இல்லை.

கேதீசன், உணவகச் சமையலறையில் பதினான்கு வருடம்.
தவமலர், முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஒரே கட்டிலில் இருவரும் படுப்பது
வாரத்தில் இரண்டு இரவு.
இரண்டும் தூங்குவதற்கே போதவில்லை.

"லுஸ்ட் எப்போது வரும் உங்களுக்கு?"
திருமதி ஏஷ்லிமான் கேட்டார்,
தேநீருக்குச் சீனி எத்தனை என்பதுபோல.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வெட்கம் இல்லை.
ஐஸ்கிரீமுக்கும் அதே, மலை ஏறவும் அதே,
கட்டிலுக்கும் அதே.
என்னிடம் இருந்தவற்றைத் துழாவினேன்.
காமம் மேடைக்கு ஆகும், மேசைக்கு ஆகாது.
ஆசைக்கு அறுபது நாள், மோகத்துக்கு முப்பது என்று
தவணை வைத்த மொழி.
இவர்களுக்கோ பதினோரு வருடம்.
"விருப்பம்" என்றேன் கடைசியில்,
கலியாணப் பேச்சில் பெண்ணிடம் கேட்பதுபோல.
அவளும் அப்படியே தலையாட்டினாள்.

பிறகு, நிலத்தைப் பார்த்தபடி:
"நான் நடிச்சிருக்கிறன். கனகாலம்."
ஜெர்மனில் சொன்னேன்:
நான் நடித்திருக்கிறேன். நீண்ட காலம்.
குரல் எனக்குப் பழக்கமானதாக இருந்தது.
திருமதி ஏஷ்லிமான் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்கக் கூடாது என்பதும் விதி.

கேதீசன் தன் முன்கையில்
எண்ணெய் தெறித்த தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தான்.
"நான் ஒருநாளும் வில்லங்கப்படுத்தேல்லையே."
அதையும் "நான்" என்றேன்.

சிலருக்குப் பசித்த பிறகு சமையல்,
சிலருக்குச் சமையல் மணந்த பிறகுதான் பசி;
இரண்டும் பசிதான் என்றார் திருமதி ஏஷ்லிமான்.
மனம் எதையாவது காவல் காத்துக்கொண்டிருந்தால்
உடம்பு கதவைத் திறக்காது:
வாடகை, பிள்ளையின் இருமல்,
நேற்று இரவு கையைப் பிடித்தபடி இறந்துபோன கிழவர்.
கேதீசன் முதல்தடவையாக நிமிர்ந்தான்.
சமையல் அவனுக்குப் புரியும்.

"கடைசியாக எப்போது?"
ஹீட்டர் குழாய் டக் என்றது. மறுபடி டக்.

"போன மாசி. விடியக்காலம்.
இவர் கார்க் கண்ணாடியிலை ஐஸ் சுரண்டிக்கொண்டு நிண்டவர்.
கையுறை இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு.
நான் மேலை ஜன்னலிலை.
பாக்கிறன் எண்டு இவருக்குத் தெரியாது.
அப்ப வந்தது."

எது வந்தது?
தமிழ் எழுவாய் கேட்பதில்லை, விட்டுவிடும்.
ஜெர்மன் விடாது.
"எஸ்" என்றேன்.
அது. அஃறிணை. அத்தனை குளிரில் அது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"
"சொல்லியிருந்தா மேலை ஓடி வந்திருப்பியள்.
கண்ணாடி பாதியிலை கிடந்திருக்கும்."

அவன் சிரித்துவிட்டான்.
அவளும், வாயைப் பொத்தியபடி.
திருமதி ஏஷ்லிமான் காத்திருந்தார்,
நான் சொல்லி முடிக்கும்வரை சிரிக்காமல்.

படிவத்தில் எழுதினேன்:
ஒரு மணி ஐந்து நிமிடம், பயணம் தனி.
கேட்டதை மறந்துவிட வேண்டும், அது கடைசி விதி.

ஏழாம் மேடை. ரயில் நான்கு நிமிடம் தாமதம்.
"நான்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்,
யாருக்காகவும் அல்லாமல்.
வினைச்சொல் வரவில்லை.

மேடை முடிகிற இடத்தில், மூட்டத்துக்குள்,
யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்து
உறைந்துபோன சைக்கிள் பூட்டுக்குள்
வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.
ரயில் வந்து கதவு திறந்த பிறகும்
கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றேன்.