பனிச்சாலை திறந்திருக்கிறது

இந்த வருடம் கடல் நன்றாக உறைந்துவிட்டது.
ஹீயுமாத் தீவுக்குக் கப்பல் வேண்டாம்,
காரிலேயே போகலாம் என்று வானொலி சொன்ன அன்று மாலையே
வந்து இறங்கிவிட்டார்கள்
தார்வோவும் மெரிக்கேவும் அந்த நாயும்.
மூன்றே நாள், லெம்பி, என்றார்கள்.
இன்றைக்குப் பன்னிரண்டு.

தார்வோ என் கணவனின் தம்பி.
கணவன் பின்லாந்தில் யார் வீட்டுக்கோ கூரை போடுகிறான்.
கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறான் தொலைபேசியில்,
ரத்தமல்லவா.
அவன் ரத்தம்.
என் விறகு.

விறகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
மே மாதம் பிளந்து
கோடை முழுக்க வெயில் காட்டி
நாளுக்கு ஒரு கூடை என்று
ஏப்ரல் கடைசிவரை எண்ணி அடுக்கிய பிர்ச் கட்டைகள்.
அவர்கள் அடுப்பை நிரப்புகிறார்கள்.
புழுக்கமென்று ஜன்னலைத் திறக்கிறார்கள்.
குளிரடிக்கிறதென்று மறுபடி நிரப்புகிறார்கள்.
பிப்ரவரியில் உட்கார்ந்துகொண்டு
மார்ச் மாதம் எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலைக் கொடுத்துவிட்டேன்.
சோபாவில் கால் நீட்ட முடியாது.
இரவு ஒன்றரைக்கு என் தலைமாட்டில் சீட்டுக் கலைக்கிறார்கள்.
நீ தூங்கு, எங்களுக்கு ஒன்றும் தொந்தரவில்லை
என்கிறாள் மெரிக்கே.
ஐந்து மணிக்கு நான் பள்ளிப் பேருந்தைக் கிளப்ப வேண்டும்.
பைன் மரங்களுக்குக் கீழே இருட்டில்
பதினேழு பிள்ளைகள்
சட்டையில் தொங்கும் ஒளிவில்லை மினுங்க
எனக்காக நிற்பார்கள்.

நாயின் கால் துடைக்க என் முகத்துண்டு.
நாய் நல்ல நாய்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.
கேட்டுவிட்டுத்தான் மடியில் ஏறும்.

நேற்று உப்பு டப்பாவை
வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டாள் மெரிக்கே.
இப்போதுதான் வசதி, பார் என்றாள்.
என் வீட்டில் நின்றுகொண்டு
உப்பு எங்கே என்று கேட்டேன்.
எடுத்துக் கொடுத்தபோது
நன்றி என்று வேறு சொன்னேன்.

இன்று காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத்
திரும்பும் வழியில் கரையோரப் பலகை.
பெல்ட் போடாதே.
முந்திப் போகாதே.
நடுவில் நிற்காதே.
இருபது வருடமாகப் பார்க்கும் பலகை.
இன்றைக்குத்தான் வண்டியை நிறுத்திப் படித்தேன்.

ராத்திரி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே,
திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்:
நாளை மதியத்தோடு சாலையை மூடுகிறார்களாம்.
வானொலி அப்படி எதுவும் சொல்லவில்லை.
பனி நாற்பது சென்டிமீட்டர்,
இரும்பு மாதிரி கிடக்கிறது.
கப்பலுக்கு எவ்வளவு ஆகும்? என்றான் தார்வோ.
காருக்கா, நாய்க்கும் சேர்த்தா என்று கேட்டுவிட்டு
இரண்டு மடங்காகச் சொன்னேன்.
கத்தி ஒரு இடத்தில் விரலைத் தொட்டது.
பெரிதாக ஒன்றுமில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள்.
வழிக்குக் கம்பு ரொட்டி கட்டிக் கொடுத்தேன்,
அதில் பொய் எதுவும் இல்லை.
கரைவரை பின்னால் போய்
பெல்ட்டைக் கழற்றுங்கள், கழற்றுங்கள் என்று கத்தினேன்.
சிவப்பு விளக்கு வெள்ளையில் கரையும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது
நான்தானா என்று இப்போதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து
உப்பு டப்பாவைப் பழைய இடத்தில் வைத்தேன்.
சூப்புக்கு எடுக்கும்போது
கை புதிய அலமாரிக்குப் போனது.

மூன்றரைக்கு மெரிக்கேவின் குரல்:
நாயின் கழுத்துப்பட்டையை விட்டுவிட்டோம்.
அப்புறம், லெம்பி, வேடிக்கையைக் கேள்,
சாலையை மூடவே இல்லையாம்!
சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம்.

தபால் நிலையம் நான்கு மணிக்கு மூடும்.
பூட்ஸ் நாடா கட்ட நேரமில்லை.
இருப்பதிலேயே சீக்கிரம் போவது எது என்று கேட்டேன்.
அவ்வளவு அவசரமா? என்றாள் ஜன்னலில் இருந்த ஹெல்வே.
நாய் அவிழ்ந்து திரிகிறதாம் என்றேன்.
இது இரண்டாவது.

வெளியே வந்தபோது
தபால் நிலையக் கூரை விளிம்பிலிருந்து
கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.
முகத்தை நிமிர்த்தி
இன்னொன்றுக்காக
அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.