ஒன்றும் விடவில்லை

பால்டிமோர். மொன்யூமென்ட் தெரு. ஐந்தாம் மாடி.
இருபத்துநாலாம் வாரத்து ரத்த அறிக்கையைப்
புரட்டியபடி டாக்டர் கேட்டார்:
"ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்களா,
மிஸ்டர் த்ரெட்கில்?"

போட்டுக்கொண்டேன்.
வெள்ளி இரவு, கடைசி டிரிப் முடிந்து
பஸ்ஸை டெப்போவில் விட்டபின்,
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி.
சனி முழுக்கக் குளிர்க்காய்ச்சல்.
ஞாயிறு பாடகர் வரிசையில்
உதட்டை மட்டும் அசைத்தேன்.
முடி கொட்டியது. காபி துருப்பிடித்த ருசி.
திறந்துகிடந்த ஒரு ஜன்னலுக்காக
லவெர்ன் மேல் தட்டை வீசினேன்.

எதிர் நாற்காலியில் வாய்த்தவர்
சலவைக்கடை பெய்க், கொரியர்.
அதே ஊசி, அதே மாத்திரை, அதே வாந்தி.
பன்னிரண்டாம் வாரமே
அவர் ரத்தத்தில் கிருமி இல்லை.
ஒரு பெட்டி கேக் வாங்கிவந்தார்.
தின்ன முடியாமல் இருவரும்
அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குப் போய்
குளியலறை அலமாரிக்கடியில் கைவிட்டு
பழைய சோப்புத் திரவப் புட்டியை எடுத்தேன்.
முடிந்த ஊசிகளைப் போட்டுவைக்கச் சொன்ன புட்டி.
குலுக்கினால் கிலுகிலுக்கும்.
கவிழ்த்து எண்ணினேன்.
இருபத்துநாலு.
அடுத்த முறை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார்.
வந்தவர் சிகிச்சையை நிறுத்தினார்.
மடியில் என்ன என்று கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு நர்ஸ் பெண்ணின் போன்.
எடுத்துவைத்த ரத்தத்தைப் படித்திருக்கிறார்கள்.
பத்தொன்பதாம் குரோமோசோமில் ஓரிடம்,
அங்கே ஓரெழுத்து.
சி இருந்தால் மருந்து பிடிக்கும். எனக்கு டி, இரண்டும் டி.
"கிழக்காசியாவில் பெரும்பாலோருக்கு சி, சார்.
உங்களைப் போன்றவர்களுக்கு டி அதிகம்."
"என்னைப் போன்றவர்கள் என்றால்?"
கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

படிவத்தில் நான் டிக் அடித்த கட்டம், வேறென்ன.

அதே கட்டம்தான் என் அக்கா யூலாவுக்கும்.
எண்பத்தொன்றில், பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தோடு
அவளுக்கும் வந்தது இதே கிருமி.
வந்த வழியே போயும்விட்டது,
ஒரு ஊசி இல்லை.
சோதித்தார்கள்: இரண்டும் சி.
அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று
அவள் முந்திக்கொண்டாள்,
மிச்சம் எனக்கு.
தலையெழுத்து
இவ்வளவு சுருக்கமாகவா இருக்கும்?

பிறகு புது மாத்திரை வந்தது. பன்னிரண்டு வாரம்.
எந்த எழுத்தானாலும் கேட்கும் என்றார்கள்.
கேட்டது.
முடி திரும்பவில்லை, வயதாகிவிட்டது.
பெய்க் கடையை விற்றுவிட்டு
மகள் இருக்கும் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார்.

"அந்தப் புட்டியைத் தூக்கிப் போடேன்"
என்கிறாள் லவெர்ன், அலமாரி துடைக்கும்போதெல்லாம்.
இருக்கட்டும்.
கேட்டுவிட்டுப் போனவர்
பதிலுக்கு இன்னும் வரவில்லை.