வரிசையில் கடைசி

வாசலில் கம்பளிக் கூடாரம் எழுந்துவிட்டது.
ஷார்ஷென் கிழவர் உள்ளே, திரைக்குப் பின்னால்.
அங்கே அடுப்பு மூட்டக் கூடாது,
அவருக்குக் குளிர்தான் வேண்டுமாம்.

என் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டினார்கள்.
கையில் கழி.
ஆண்கள் வரிசையின் கடைசியில் நிறுத்தி
"கார் வந்தால் அழு" என்றார் குபாத் மாமா.

வந்தது.
பதினோரு பேர் கழியில் சாய்ந்து
"என் அப்பாவே" என்று குரலெடுத்தார்கள்.
இறங்கியவர்கள் அழுதபடியே ஓடி வந்தார்கள்.
உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்கள்
ஒப்பாரியை ஒரு கட்டை ஏற்றினார்கள்.
எனக்கு மட்டும் வரவில்லை.

கிழவரிடம் எங்கள் பந்துகள் மூன்று இருந்தன.
ஒன்று தோல் பந்து,
ஏர்மெக்கின் அண்ணன் பிஷ்கெக்கிலிருந்து கொண்டுவந்தது.
அவருடைய உருளைக்கிழங்குச் செடிமேல் விழுந்தால்
பந்து அவருக்கு. அதுதான் சட்டம்.

வந்தவர்கள் உள்ளே போனதும் அழுகை நின்றது,
குழாயைத் திருகினாற்போல.
மாமா மூக்கைச் சிந்திவிட்டு ஆட்டு விலை பேசினார்.
அத்-பாஷி சந்தையில் இந்த வாரம் இறக்கமாம்.
மலை வளைவில் அடுத்த விளக்கு தெரிந்தது,
மறுபடி "அப்பாவே".
நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் ஒவ்வொரு தடவையும்
அவர் கண்ணில் இருந்தது புதுத் தண்ணீர்.

மறுநாள் குதிரையை அறுத்தார்கள்,
கிழவரின் பழுப்புப் பெட்டைக் குதிரையை.
அதற்கு அழுதேன்.
கழியில் சாய்ந்து, சத்தமாக, சளி ஒழுக.
யாரோ ஒரு அத்தை என் தலையைத் தடவி
"எவ்வளவு பாசம் பார்" என்றாள்.
நான் மறுக்கவில்லை.
அந்த வரிசையில் யார் எதற்கு அழுதார்கள் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு ஆண்கள் மட்டும் போனோம்.
திரும்பி வந்தபோது வீடு முழுக்க எண்ணெய்ப் புகை.
மாவுருண்டை பொரிக்கும் வாசனைதான்
இனி அவருக்குச் சாப்பாடு என்றாள் பெகாயிம்.
அவளுக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்திருந்தார்கள்,
நீண்ட நாள் வாழ்ந்தவரின் ஆயுள் ஒட்டுமென்று.
பச்சைப் பூப்போட்ட துணி.
பொம்மைக்குச் சட்டை தைக்கலாமா கூடாதா
என்று நாள் முழுக்கக் கவலைப்பட்டாள்.

கூடாரத்தைப் பிரித்தார்கள்.
புல்லில் வெளிறிப்போய் ஒரு வட்டம்.

ஏர்மெக் நிலக்கரிக் கொட்டகைக்குள் புகுந்து தேடினான்.
இரண்டு கிடைத்தன. தோல் பந்து இல்லை.
விளையாடினோம்.
என் உதை தப்பி, பந்து உருண்டு
வட்டத்தின் நடுவில் போய் நின்றது.

நீ போ என்றான் அவன்.
நீ போ என்றேன் நான்.
உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு
அவர் வந்து எடுத்துப்போகட்டும் என்பதுபோல
நின்றுகொண்டே இருந்தோம்,
இருட்டும் வரை.