அரைப் பங்கு

தோல் அட்டைக்குள் பில்லை மடித்து
சோம்பும் கல்கண்டும் பக்கத்தில் வைத்து
மூன்றடி பின்வாங்கிச்
சுவரில் தொங்கும் படகுப் படத்தை
நான் பார்க்க வேண்டும்.
அதுதான் முறை.
பார்த்துக்கொண்டே நின்றால் பிச்சை,
பார்க்காமல் போனால் திமிர்.
பன்னிரண்டு வருடமாக அந்தப் படகில்
எத்தனை துடுப்பு என்பது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

சுப்ரேன் வீதி. மஞ்சள் சுவர், காகிதப்பூ,
சனி ஞாயிறென்றால் பெங்களூர்க் கார்கள்.
பில்லின் அடியில் பொடி எழுத்தில்
சேவைக் கட்டணம் பத்து சதவீதம்.
"இது உங்களுக்குத்தானே தம்பி?" என்று
கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் கேட்டார்.
முதலாளி கல்லாவில் இருந்தார்.
"ஆமாம் மேடம்" என்றேன்.
நிம்மதியாகக் கிளம்பினார்.
அந்தப் பொய்க்கு எனக்குக் கிடைத்தது பூஜ்யம்.

பத்து ரூபாயை நாலாக மடித்து
காபிக் கோப்பையின் கீழ் ஒளித்துவைக்கும்
பிரெஞ்சு பென்ஷன் சொல்தா ஒருவர் உண்டு.
பிறந்தநாள் கேக்கை நாற்காலியில் பூசிவிட்டு
"சூப்பர் சர்வீஸ் ப்ரோ" என்று
கைகுலுக்கிப் போகும் கூட்டமும் உண்டு.
இப்போது எல்லோரும் ஸ்கேன் செய்கிறார்கள்,
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு, பைசா சுத்தமாக.
மீதிச் சில்லறை என்ற ஒன்று
இல்லாமலே போய்விட்டது.
எங்கள் வீட்டில் பால் வந்ததே அந்த மீதியில்.

இரவு பதினொன்றரைக்கு
ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்ப்போம்.
மேசைக்காரர்களுக்கு ஒரு பங்கு.
கேப்டனுக்கு ஒன்றரை.
சமையல்கட்டுக்கு முக்கால்.
பாத்திரம் கழுவும் தேசராணிக்கு அரை.
"அவள் வெளியே வருவதே இல்லையே,
யார் அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள்?"
அந்த நியாயத்தைச் சொன்னவன்
நான்தான்.

செவ்வாய் எனக்கு விடுப்பு.
கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே
ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு.
பரிமாறியவன் ஒடிசாப் பையன்.
"சங்கரா வறுவல் வேணுமாண்ணா" என்பதை
நெல்லிக்குப்பத்துக்காரன் மாதிரியே சொன்னான்.
கேட்குமுன் ரசம்.
குழந்தைக்கு முள் எடுக்கத் தனித் தட்டு.
பில்லை வைத்தான்,
மூன்றடி பின்னால் போனான்,
காலண்டரைப் பார்த்தான்.
அது போன மாதத்துத் தாள்.

எனக்குக் கை ஓடவில்லை.
இருபதா? ஐம்பதா?
வாங்கியே பழகியவனுக்குக்
கொடுக்கும் கணக்குத் தெரியவில்லை.
பர்ஸில் ஒரே ஐம்பது, பஸ்ஸுக்கும் அதுதான்.
"அவன் சம்பளம் நம்ம தலையிலா?" என்ற கலைமதி
சட்டென்று என்னைப் பார்த்தாள்,
சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாமல்
குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

ஐம்பதை வைத்தேன்.
கம்மியம்பேட்டை வரை வெயிலில் நடந்தோம்.
எங்கள் இலையை எடுக்கக் குனிந்த பெண்ணை
இருவருமே பார்க்கவில்லை என்பது
பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது.

புதன் இரவு பாட்டில் கவிழ்ந்தது.
"ராணிக்கும் ஒண்ணு" என்றேன்.
"உன் பங்குலேர்ந்தா?" கேப்டன் சிரித்தான்.
யாரும் பேசவில்லை.
நானும்தான்.

எண்பத்தைந்து ரூபாய்.
அவள் கை எப்போதும் ஈரம்,
நோட்டு நனையுமென்று
குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவது வழக்கம்.
அன்று கையில் கொடுத்தேன்.
நனைந்தது.
ஒவ்வொன்றாகப் பிரித்து
குளிர்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாள்.
"மேலயே வச்சிருக்கலாமே" என்றாள்,
"இப்ப காயற வரைக்கும் நான் நிக்கணும்."