தொடர் கண்காணிப்பு

மைனஸ் நூற்றைம்பதிலிருந்து
ஸுகைனாவின் பையை எடுக்கிறேன்.
அவளுடைய செல்கள்தாம்.
கடல் தாண்டிப் போய்
ஒற்றுப்பிழை ஒன்று திருத்தப்பட்டு
மனாமாவுக்குத் திரும்பியவை.
எத்தனை நாள் தங்குவீர்கள் என்று
ஏர்போர்ட்டில் யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

எட்டு வருஷம் ரத்தம் ஏற்றும் வார்டில் இருந்தேன்.
அரிவாளாய் வளைந்த அணுக்கள்
எலும்புக்குள் நின்று அறுத்த ஓர் இரவில்
இவள் என் மணிக்கட்டைக் கடித்தாள்.
ஆறு வயது அப்போது.
பல் பதிந்த இடம் இன்னும் வெளிறியிருக்கிறது.

"இனி இந்த வார்டு காலியாகும்" என்றாள் ரோவேனா.
நல்ல செய்திதான்.
நம் சோற்றில் மண் என்றும் தோன்றியது,
பொய் சொல்வானேன்.
முப்பத்தெட்டு வயதில்
வெக்டர், எடிட்டிங், கோல்டு செயின் என்று
நைட் டியூட்டி இடைவெளிகளில் படித்தேன்.
சான்றிதழுக்கு முத்திரை வாங்கவே
ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

வெந்நீர்த் தொட்டியில் பை இளகுகிறது.
குழாயில் இறங்கப் பதினொரு நிமிஷம்.
அறையெங்கும் பூண்டு வாசம், உறைமருந்தின் வாசம்.
மொட்டைத் தலையைத் திருப்பி
"யார் சமைக்கிறது?" என்கிறாள்.
அவ்வளவுதான். எந்த மணியும் அடிக்கவில்லை.

பிறகு படிவம்.
தொடர் கண்காணிப்பு: பதினைந்து ஆண்டுகள்.
பொறுப்பாளர் பெயர்:

என் விசா மார்ச்சில் முடிகிறது.

பேனாவை ஒருமுறை உதறிவிட்டு
அந்தோணிமுத்து ஜெனிட்டா என்று
முழுசாக எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கடைசி எழுத்து
அடுத்த கேள்விக்குள் நிற்கிறது.