படிவத்தில் ஒரு வாய்

செவ்வாய், மதியம் இரண்டு பத்து.
பள்ளியிலிருந்து அழைப்பு.
நீச்சல் வகுப்புக்குச் சட்டையைக் கழற்றும்போது
ஜெத்ரோவின் தோளுக்குப் பின்னால்
நான்கு நீலங்கள், வரிசையாக.
ஐந்தாவதைத் தேடவில்லை என்றார் ஆசிரியை.
தேடியிருக்க வேண்டுமோ என்றும் கேட்டார்.

மூன்றரைக்குள்
ஒரே தொலைபேசியில் நான்கு பேர்:
போலீஸில் ஒருவர், மருத்துவமனையில் ஒருவர்,
என் மேலாளர், நான்.
எங்களில் யாரும் அவனைப் பார்த்ததில்லை.
பிறந்தபோது என்ன எடை என்று பேசினோம்.
தவறிய இரண்டு தடுப்பூசிகள்.
பதினோரு மாதம் முன்பு பக்கத்து வீட்டுக்காரர்
‘சத்தம்’ என்று புகார் சொல்லி, மறுநாளே
‘டிவியாக இருக்கும்’ என்று திருத்திக்கொண்டது.
விசாரிப்பது என்று முடிவானது.
பதினைந்து வேலை நாள் தருகிறார்கள் எங்களுக்கு.
சனியும் ஞாயிறும்
குழந்தைக்கு உண்டு, கணக்குக்கு இல்லை.

கிரிம்ஸ்பியில் அந்தத் தெரு
துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும்.
கதவைத் திறந்த கெல்லி-ஆன்
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கழுத்தில் தொங்கிய கவுன்சில் அட்டையைப் பார்த்தாள்.
“கூட்டிட்டுப் போக வந்தியா?”
இதற்கு ‘இல்லை’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.
‘ஆமாம்’ என்றும் சொல்ல முடியாது.
“பேச வந்தேன்” என்றேன்.
பேச மட்டும் வந்தவள்
அடுத்தவள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பாளா?
பால், தேதி தாண்டவில்லை.
பாதி வெள்ளரிக்காய்.
மின்சார மீட்டரில் ஒரு பவுண்ட் நாற்பது மிச்சம்.
மாடியில் அவன் கட்டில். போர்வை மடித்திருந்தது,
மூலைக்கு மூலை சரியாக.
மடித்த போர்வையை எப்படி எழுதுவது?
அக்கறை என்றா,
நான் வருவது தெரிந்திருந்தது என்றா?

கேரத் இப்போது இங்கே இல்லை என்கிறாள்.
எழுதிக்கொண்டேன்:
‘இல்லை என்கிறாள்.’

மருத்துவமனையில் டாக்டர் அடெபாயோ
காகித அளவுகோலைத் தோளில் வைத்து
மில்லிமீட்டர்களை மெல்லச் சொன்னார்,
தூங்கும் ஒருவரை எழுப்பாதவர் மாதிரி.
படிவத்தில் அச்சடித்த குழந்தை இரண்டு முறை இருக்கிறது,
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.
கையை விரித்து நிற்கும். கண் இல்லை, மூக்கு இல்லை.
பின்பக்கத்தில் நான்கு வட்டம் போட்டார்.
ஜெத்ரோ கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கினான்.

“இது யாரு?”
“நீதான்.”
“நானில்ல. இவனுக்கு வாயே இல்ல.
அப்புறம் எப்படிச் சொல்லுவான்?”

என் பையில் மஞ்சள் மார்க்கர்தான் இருந்தது.
முன்பக்கத்துக்கு ஒரு வாய் வைத்தான்,
காது வரைக்கும்.
பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் யோசித்தான்.
பிறகு அதற்கும் ஒன்று,
பிடரியில்.

படிவத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.
டாக்டர் புதிதாக ஒன்றை எடுத்தார், யோசித்தார்,
திரும்ப வைத்துவிட்டார்.
ஓரத்தில் எழுதினார்: ‘வாய்கள் குழந்தை வரைந்தவை.’
நேரம், கையெழுத்து.

பதினைந்தாம் நாள்.
நீள மேசை, ஒன்பது பிரதிகள், ஆறிப்போன தேநீர்.
கறுப்பு வட்டங்கள் நான்கும்
நன்றாகப் பதிந்திருந்தன.
மஞ்சள் நிறம் ஜெராக்ஸில் விழாது,
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
ஒரு சாம்பல் கறை மட்டும்.
“இங்கே என்ன, தேநீர் கொட்டியதா?”
என்றார் போலீஸ்காரர்.
நான் வாயைத் திறப்பதற்குள்,
மேசைக் கடைசியில் இன்னும் கோட்டைக் கழற்றாமல்
உட்கார்ந்திருந்த கெல்லி-ஆன் சொன்னாள்:

“அது வாய்.
அவன் இப்படித்தான் போடுவான்.”