வாளையார் எடைப்பாலம்

இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
கைபேசியில் கோவையைத் தட்டினாலும் அதுதான்,
கொச்சியைத் தட்டினாலும் ஏறக்குறைய அதுதான்.
ஆகாய வழியில் ஷார்ஜாவுக்கு இரண்டும் ஒரே தூரம்.
கொச்சியில் டிக்கெட் நாலாயிரம் குறைவு என்பதால்
பக்கத்திலிருக்கும் விமான நிலையத்துக்கு
முதுகைக் காட்டிக்கொண்டு
மேற்கே மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

அதற்கு முன்னால் பெட்டியை நிறுக்க வேண்டும்.
முப்பது கிலோவுக்கு மேல் கூடாது.
நான் வேலை செய்வதோ
எண்பது டன் எடைப்பாலத்தில்.
நாசிக் வெங்காயம், சேலத்து மரவள்ளி மாவு,
கஞ்சிக்கோட்டு உலைக்குப் போகும் பழைய இரும்பு,
எல்லாம் நிறுத்தாயிற்று.
ஒரு பெட்டியையா நிறுக்க முடியாது?

முடியவில்லை.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
பெட்டியோடு ஷீஜா நின்றாள்: எண்பது.
பெட்டியில்லாமல்: அறுபது.
பெட்டியோடு நான்: நூறு.
இல்லாமல்: அறுபது.
கல்யாணமாகி ஏழு வருடத்தில்
அவளும் நானும் சரிக்குச் சரியாக நின்றது
அந்தப் பாலத்தில் மட்டும்தான்.
பின்னால் வரிசையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
இருபதையும் நாற்பதையும் கூட்டி
இரண்டால் வகுத்து
முப்பது என்று முடிவு செய்தோம்.
வேடிக்கைக்கு ஒரு சீட்டும் அடித்தேன்.
வண்டி எண் என்ற இடத்தில் அவள் பெயர்.
சரக்கு: இதர.
மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

நெடும்பாசேரியில் முப்பத்திரண்டு கிலோ அறுநூறு.
பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு
தரையில் உட்கார்ந்திருப்பதாகப் போனில் சொன்னாள்.
பின்னணியில் ஏதோ அறிவிப்பு, யார் குழந்தையோ அழுதது.
"எதை எடுக்கட்டும்?"
உள்ளே இருப்பது எனக்கு என்ன தெரியும்?
அவள் அடுக்கும்போது நான் நைட் ஷிப்டில் இருந்தேன்.
"கனமானதை எடு" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"சரி" என்று வைத்துவிட்டாள்.
எதை எடுத்தாள் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாலு பத்துக்குப் புறப்பாடு,
ஆறு நாற்பதுக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது.
கழித்தால் இரண்டரை மணி நேரம்.
பறப்பதோ நாலு.
மொத்த எடையில் வண்டி எடையைக் கழித்துச்
சரக்கைச் சொல்வதே பிழைப்பாக இருப்பவனுக்கு
ஒன்றரை மணி நேரம் எங்கே சிந்தியதென்று
அன்று காலை முழுக்கப் பிடிபடவில்லை.
மேலே ஒரு விமானம்
கோவைப் பக்கம் இறங்கப் போய்க்கொண்டிருந்தது.
கீழே பழைய செக்போஸ்ட்டின் தகரக் கூரை.
ஒரு காலத்தில் அங்கே லாரிகள்
நாள்கணக்கில் கிடந்து
ஓட்டுநர்கள் துணி துவைத்துக் காயப்போட்டு
மடித்துக்கொண்டு போவார்கள்.
இப்போது யாரும் நிற்பதில்லை.

ஐந்து மாதமாகிறது.
அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு முறை வரும் வாரங்களில்
நானும் இரவு முறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.
இரண்டே முக்காலுக்கு அவளுக்கு டீ நேரம்.
பத்து நிமிடம் பேசலாம்.

நேற்று, கடப்பா சிமெண்ட் ஏற்றி வந்தவர்
சிவந்த கண்ணோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.
"மணி என்னங்க ஆச்சு?"
"ரெண்டே முக்கால்."
"அப்ப ஒரு தூக்கம் போட்டுட்டே போலாம்"
என்று வண்டியை ஓரம் கட்டினார்.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போவதற்குள்
குறட்டை வந்துவிட்டது.
கையிலிருந்த அவர் சீட்டில்
நாலேகால் என்று அச்சாகியிருந்தது.